மாரியாயி ஊற்றிய தண்ணீர்

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் என் பையைத் திறந்த சிப்பாய் முதலில் வெளியே எடுத்தது ஒரு முழம்கூட இல்லாத வெள்ளைச் சட்டையை. அதன் கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பூக்கள் போட்டிருந்தேன். அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அடுத்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற ஓர் ஆசிரியை மொழிபெயர்த்தார்: "ஞானஸ்நானத்துக்கோ எண்டு கேக்கிறார்."

"ஆமாங்க" என்றேன்.

அந்த இளஞ்சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் பின்னுக்குத் தள்ளிவிட்டு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டான். தான் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கன் என்றும், வீட்டில் இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்றும் ஆசிரியை வழியாகச் சொன்னான். பிறகு அந்தச் சட்டையை நான் மடித்ததைவிட ஒழுங்காக மடித்து உள்ளே வைத்தான்.

அடுத்து, போராளிகளின் பக்கத்துச் சாவடியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் 'ஞானத்தாயாக நிற்க' என்று எழுதினேன். அதை வாங்கிப் படித்த பெண் பிள்ளை, "நல்ல விசயம் அக்கா, போயிட்டு வாங்கோ" என்று சொல்லி முத்திரை குத்தினாள். இரண்டு பக்கமும் துப்பாக்கி இருந்தது. இரண்டு பக்கமும் என் வேலைக்கு மரியாதை இருந்தது. திருச்சியில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு அன்று வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

போர்நிறுத்தம் வந்து இரண்டாவது மாரிக்காலம் அது. ஜெசிந்தா எங்கள் ஊர் அகதி முகாமில் இருந்தபோது ஒன்பது வருடம் என் கடையில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்தவள். சமாதானம் என்ற சொல் காதில் விழுந்ததுமே ஊருக்குத் திரும்பிவிட்டாள். அங்கே அருள் என்ற விவசாயியைக் கல்யாணம் செய்துகொண்டாள். முப்பத்தேழு வயதில் கர்ப்பமானபோது கடிதம் போட்டாள்: 'பிள்ளைக்கு நீங்கள்தான் ஞானத்தாய். வராவிட்டால் ஞானஸ்நானமே இல்லை.' பிறகு தொலைபேசியில் ஒரே ஒரு நிமிடம் பேசினாள். பிள்ளை நாளுக்கு முன்னாலேயே பிறந்துவிட்டது, பெண் பிள்ளை, டிசம்பர் முதல் ஞாயிறு ஞானஸ்நானம். அவ்வளவுதான். நான் கிளம்பிவிட்டேன்.

மாங்குளம் சந்தியில் ஏறிய பேருந்து ஒட்டுசுட்டான் போகும் வழியில் பாதியில் நின்றது. பாதைக்குக் குறுக்கே செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இறங்கி முழங்கால் வரை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "இண்டைக்குப் பஸ் இவ்வளவுதான்" என்று அறிவித்தார். யாரும் சண்டை போடவில்லை. எங்கள் ஊரில் என்றால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டு ஒரு மறியலே நடந்திருக்கும். இங்கே ஆளுக்கொரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு டிராக்டர் வந்தது. பெட்டி நிறைய உரச் சாக்கும் துணிப் பொதியும். ஓட்டி வந்தவர் முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி. எல்லோரும் அவரை அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு அந்த வருடம்தான் குடும்பத்தில் பாதிப் பேரோடு திரும்பி வந்தாராம். பெண்களைச் சாக்குகளின் மேல் ஏறச் சொன்னார். தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு வந்தபோது நான் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா கந்தசாமியாரைக் கூப்பிட்டார். முன்னால் நானா பிஸ்மில்லா சொன்னார். டிராக்டர் அக்கரை ஏறியது.

நானா என் பையைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.

"ஞானஸ்நானம் எண்டா என்ன தங்கச்சி, பேர் வைக்கிறதோ?"

"பேரும் வைப்பாங்க. ஆனா அது மட்டும் இல்ல நானா. தலையில தண்ணி ஊத்தி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியோட பேரால கழுவுறது. ஜென்மப் பாவம் போயிடும். குழந்தை கடவுளோட பிள்ளையாகி, எங்க சபையில ஒரு ஆளாயிடும்."

"ஒவ்வொரு வருசமும் செய்வியளோ?"

"இல்ல, ஆயுசுக்கு ஒரே ஒரு தடவை. அழிக்கவும் முடியாது, திரும்பக் கொடுக்கவும் முடியாது."

"அப்ப அது பெரிய வேலை" என்றார். இறங்கும்போது காசு வாங்க மறுத்து, "பிள்ளைக்கு என்ர சலாம் சொல்லுங்கோ" என்றார்.

ஒட்டுசுட்டானிலிருந்து அருள் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். பாதை ஓரத்தில் முதல்நாள் யானை முறித்துப் போட்ட வாழைகள் கிடந்தன. அவர் அவற்றைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வீடு மண் சுவரும் தகரக் கூரையும். வாசலிலேயே ஜெசிந்தா என்னைக் கட்டிக்கொண்டாள். மெலிந்து, வெளுத்து, கண் மட்டும் பழைய ஜெசிந்தாவாக இருந்தாள்.

"களைச்சுப் போனியள் அக்கா. முதல் தேத்தண்ணி குடியுங்கோ."

சாப்பாடு போட்டவர் அருளின் அக்கா பிலோமினா. ஐம்பது வயது, இறுக்கிக் கட்டிய கொண்டை, இடுப்பில் எப்போதும் செபமாலை. பிட்டும், முருங்கையிலை போட்ட பருப்பும், கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தார். குளத்து மீன் பிரமாதமாக இருக்கும் என்று வழியெல்லாம் கேள்விப்பட்டிருந்த நான் சட்டிப் பக்கம் பார்த்ததைக் கவனித்துவிட்டார் போலிருக்கிறது.

"இண்டைக்கு வெள்ளி. யேசு சிலுவையில செத்த நாள். எங்கட வீட்டில மச்ச மாமிசம் இல்லை. இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழ கிடந்த நேரமும் விடேல்லை."

தவக்கால வெள்ளியை மட்டும் அனுசரிக்கும் நான் குனிந்து பிட்டைச் சாப்பிட்டேன். நல்ல பிட்டு அது.

சாப்பிட்டதும் வெள்ளைச் சட்டையை எடுத்துக் காட்டினேன். எல்லோரும் கூடிக் கொண்டாடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அருள் வெளியே போனார். பிலோமினாக்கா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். ஜெசிந்தா சட்டையை மடியில் வைத்து நீவிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சு. போனில அதைச் சொல்ல நேரம் கிடைக்கேல்லை."

குழந்தை பிறந்த அன்று மழை. பாதை எல்லாம் தண்ணீர். அருள் வாகனம் தேடிப் போயிருந்தார், பிலோமினாக்கா முல்லைத்தீவில் மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தது பக்கத்து வீட்டு மருத்துவிச்சி மாரியாயி மட்டும். குழந்தை நீலமாக வந்தது. அழவில்லை. ஜெசிந்தாவுக்கு இரத்தப்போக்கு, கையைத் தூக்கக்கூட முடியவில்லை.

"'மாரியாயி அக்கா, தண்ணி ஊத்துங்கோ, எங்கட முறைப்படி பேர் சொல்லி ஊத்துங்கோ' எண்டு கத்தினனான். மரியா எண்டு சொல்லுங்கோ எண்டனான். அவா ஊத்தினவா. பிறகும் விடேல்லை, ஊதி ஊதிப் பிள்ளைய அழவைச்சிட்டா."

அடுப்படிக்குள் இருந்து பிலோமினாக்காவின் குரல் வந்தது. "மாரியம்மனைக் கும்பிடுற மனிசி. ஞானஸ்நானம் இல்லாத ஆள். அவவின்ர கையால ஊத்தினது எப்பிடிச் செல்லும்? ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வருவார். ஒண்டும் சொல்லாமல் முறையா ஊத்துவிப்பம்."

"மச்சாள், என்ர பிள்ளைக்கு ரெண்டு தரமோ? ஒளிச்சுச் செய்யிறதோ?" ஜெசிந்தாவின் குரல் உயர்ந்தது.

பிலோமினாக்கா வெளியே வர, இருவரும் என்னைப் பார்த்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தவள், பெரிய கோயில்களைப் பார்த்தவள். ஆபத்து நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன். ஆனால் 'யாரும்' என்றால் இந்துவுமா? தெரியவில்லை. இரண்டு பக்கமும் நல்லவளாக இருக்க ஆசைப்பட்டு, "ஃபாதர்கிட்டயே கேட்டுக்கலாம்" என்று மழுப்பினேன். ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை மாரியாயியைப் பார்க்கப் போனேன். கச்சான் என்கிற நிலக்கடலைக் கொடிகளுக்கு நடுவே குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஊர்ப் பேச்சு! பாட்டன் துறையூர்ப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவராம். மலைநாட்டில் கலவரம் வந்தபோது இவர்கள் குடும்பம் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியதாம். துறையூரை நான் பார்த்திருக்கிறேன் என்றதும் கையைக் கழுவிவிட்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு அவரே கேட்டார். "நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனாங்க? பிலோமினாம்மா மொகங்குடுத்துப் பேசறதில்ல. புள்ளயத் தூக்கக்கூட நான் அந்தப் பக்கம் போறதில்லீங்க."

"பொறந்தப்ப புள்ள எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"செத்த மாதிரிதாங்க. வாயில கெடந்த சளிய வெரல வுட்டு எடுத்தேன். முதுகத் தட்டுனேன். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆத்தா கத்துது, தண்ணி ஊத்து, தண்ணி ஊத்துன்னு. ஒரு ஆத்தா அந்த நேரத்துல கேக்குறத எப்புடிங்க இல்லங்குறது? கொடத்துல இருந்து தேங்காச் செரட்டையில மோந்து ஊத்துனேன்."

நான் அப்போதாவது 'நீங்க செஞ்சது சரி' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாயிறு கோயிலுக்கு வாங்க என்று மட்டும் சொன்னேன். அவர் மறுபடியும் களை பிடுங்கப் போனார்.

அன்று மாலை கோயிலைக் கூட்டிக் கழுவினோம். கோயில் என்றால் நாலு அரைச்சுவர், மேலே தகரம், ஒரு மேசை, ஒரு அந்தோனியார் சுரூபம். மணிக்குப் பதிலாக லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம் தொங்கியது. குருவானவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். அவருக்கு இப்படிப் பதினொரு கோயில்கள். வராத ஞாயிறுகளில் இவர்களே கூடி, சுவிசேஷம் வாசித்து, மன்றாட்டுச் சொல்லிவிட்டுப் போவார்கள். வாசிப்பது பிலோமினாக்கா. திருச்சியில் எங்கள் தெருவிலிருந்து கால் மணி நேரத்தில் நாலு கோயில்கள், ஞாயிறன்று ஒவ்வொன்றிலும் மூன்று பூசை. பிரசங்கம் பத்து நிமிடம் தாண்டினால் நாங்கள் கடிகாரத்தைப் பார்ப்போம்.

செபமாலை முடிந்து எல்லோரும் போன பிறகு பிலோமினாக்கா முழங்காலிலேயே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நான் கெட்டவள் எண்டு நினையாதேங்கோ. எனக்கொரு பொடியன் பிறந்தவன். சண்டைக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்த நேரம். கோயிலுக்குக் கொண்டுபோய் முறையாக் குடுப்பம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நாலாம் நாள் போயிட்டான், தலையில தண்ணி படாமலே. நானே ஊத்தலாம் எண்டு தெரியும். பயத்தில கை வரேல்லை. இந்தப் பிள்ளைக்காவது ஒரு சந்தேகமும் இருக்கக்கூடாது."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரும்புபோல இருந்தது அந்தக் கை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வளையத்தை அடித்தார்கள். பூசை எட்டுக்கு. எட்டானது, ஒன்பதானது. மழை. யாரும் எழுந்து போகவில்லை. பாட்டுப் பாடினார்கள். திருவருகைக்கால மன்றாட்டைச் சொன்னார்கள். பத்து மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. குருவானவர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, பூசைப் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு வந்திறங்கினார். சகதியில் விழுந்திருந்தார், ஒரு பக்கம் முழுவதும் சேறு. அதோடேயே பாலை மரத்தடியில் ஒரு நாற்காலி போட்டுப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். வரிசையில் பாதி ஊர் நின்றது. நானும் நின்றேன். மூன்று நாளாக எனக்குத் தெரிந்த அளவைக்கூடச் சொல்லப் பயந்ததைச் சொன்னேன். குடையில்லாமல் நனைந்துகொண்டே பாவமன்னிப்பு வாங்கியது எனக்கு அதுதான் முதல் தடவை.

பூசை உடுப்பைப் போட்டுக்கொண்டு அவர் வந்ததும், ஜெசிந்தா குழந்தையோடு முன்னே போனாள். பிலோமினாக்கா கண்ணால் தடுத்தும் நிற்கவில்லை. எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள்.

குருவானவர் கடைசி வரை கேட்டார். "மாரியாயி அம்மா எங்க?"

பிலோமினாக்கா மெதுவாக எழுந்தார். "நான் கூட்டிக்கொண்டு வாறன் ஃபாதர்" என்றார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். கால் மணி நேரத்தில் கரியரில் மாரியாயியை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். தோட்டத்துச் சேற்றுக் காலோடு உள்ளே வரத் தயங்கி மாரியாயி வாசலில் நின்றார். குருவானவர் தன் சேற்றுக் காலைக் காட்டி, "நானும் இப்பிடித்தான் நிக்கிறன், வாங்கோ" என்றார்.

"அம்மா, பயப்பிடாமல் சொல்லுங்கோ. என்னத்த ஊத்தினீங்கள்?"

"தண்ணிங்க. கொடத்துத் தண்ணி."

"எங்க ஊத்தினீங்கள்?"

"உச்சந்தலையில. மூணு தடவ. இவுங்க வீட்டுப் புள்ளைகளுக்கு ஊத்துறத எட்ட நின்னு பாத்திருக்கேன்."

"ஊத்தேக்க என்ன சொன்னீங்கள்?"

மாரியாயி கண்ணை மூடிக்கொண்டார். "மரியா, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேரால நான் ஒனக்கு ஞானஸ்நானம் குடுக்குறேன்." சொல்லிவிட்டு, "தெனமும் பொழுது சாய அடுத்த வீட்டுல செபம் கேக்குறேன். அந்த மூணு பேரும் எனக்கு மனப்பாடங்க" என்றார்.

"கடைசியா ஒண்டு. என்ன நினைச்சுச் செய்தீங்கள்?"

இந்தக் கேள்விக்கு அவர் திணறிவிடுவார் என்று நினைத்தேன். என்னைக் கேட்டிருந்தால் திணறியிருப்பேன். அவர் உடனே சொன்னார்:

"எனக்கு ஒங்க சாத்திரம் தெரியாதுங்க. இவுங்க கோயில்ல என்ன செய்வாங்களோ, அதையே இந்தப் புள்ளைக்குச் செய்றேன்னு நெனச்சித்தான் செஞ்சேன்."

குருவானவர் நிமிர்ந்து சனங்களைப் பார்த்தார். "கேட்டீங்களோ? திருச்சபை கேக்கிறதும் இதைத்தான். தண்ணி, அந்த வசனம், திருச்சபை செய்யிறதைச் செய்யிற நினைப்பு. ஆபத்து நேரத்தில ஆரும் குடுக்கலாம். ஞானஸ்நானம் பெறாத ஆளும் குடுக்கலாம். ஏனெண்டா குடுக்கிறது கடவுள், கை மட்டுந்தான் எங்கட. இந்தப் பிள்ளை அண்டைக்கே கடவுளின்ர பிள்ளை. நான் திரும்ப ஊத்தமாட்டன். ஊத்தினா நான்தான் பிழை செய்த ஆள்."

பிறகு பிலோமினாக்கா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். காலையில் பாவசங்கீர்த்தனத்தின்போது மரத்தடியில் அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்ததோ எனக்குத் தெரியாது. "தண்ணி படாமல் போன பிள்ளையளையும் கடவுளின்ர இரக்கத்திட்டதான் திருச்சபை ஒப்படைக்குது. அவர் கைவிடுற ஆள் இல்லை" என்றார். பிலோமினாக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மாரியாயி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மிச்சச் சடங்குகள் நடந்தன. உச்சியில் பரிமளத் தைலம் பூசினார். நான் தைத்த சட்டையைப் போர்த்தினார்கள். மெலிந்த குழந்தைக்கு அது தொளதொளவென்று இருந்தது. மெழுகுவர்த்தியை ஏற்றி அருள் பிடித்தார். 'சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?' என்று கேட்டபோது அந்தத் தகரக் கூரைக்குக் கீழே எழுந்த 'விட்டுவிடுகிறோம்' என்ற குரலைப்போல எங்கள் பெரிய கோயிலில் ஆயிரம் பேர் இருந்தும் நான் கேட்டதில்லை. மரியா முழித்துக்கொண்டு ஓங்கி அழுதாள். மாரியாயி சத்தம்போட்டுச் சிரித்தார். "அழட்டும், நல்லா அழட்டும்" என்றார்.

பூசை முடிந்து மேசைமேல் ஞானஸ்நானப் பதிவேட்டை விரித்தார்கள். கரையான் அரித்த ஓரங்கள். எத்தனையோ இடப்பெயர்வில் சாக்கில் சுற்றிக் காப்பாற்றிய புத்தகமாம். 'ஞானஸ்நானம் கொடுத்தவர்' என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாகக் குருக்களின் பெயர்கள். குருவானவர் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் நிதானமாக எழுதினார்.

"என்னங்க எழுதியிருக்கு?" என்று மாரியாயி கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"மாரியாயி" என்று ஜெசிந்தா வாசித்தாள்.

"நெசமாவா?"

"ஓம் அக்கா. உங்கட பேர்தான்."

அவர் அந்த எழுத்தை விரலால் தொடப் போய், மை அழிந்துவிடும் என்று கையை இழுத்துக்கொண்டார். அடுத்த கட்டம் ஞானத்தாய்க்கு. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விக்டோரியா, தையல்காரி, திருச்சிராப்பள்ளி. எழுத்து கொஞ்சம் கோணலாகப் போனது. போகட்டும்.

மழைக் காற்றில் மை சீக்கிரம் காயவில்லை. குருவானவருக்கு அடுத்த கோயிலுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் பிலோமினாக்கா புத்தகத்தை மூட விடவில்லை. ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே மேசையருகில் நின்றார். பூசை முடிந்து வெளியே போனவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "வாங்கோ, வந்து பாருங்கோ. எங்கட பிள்ளைக்கு ஆர் குடுத்தது எண்டு வாசியுங்கோ. சத்தமா வாசியுங்கோ" என்றார்.